சொத்து, சந்தை, அரசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல் கொள்கைகளைப் படித்துப் பேசும் ஒரு சின்ன வாசிப்பு வட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். புதிதாக யார் வந்தாலும் பேச்சு "இடதுசாரின்னா என்ன?" என்று தொடங்கி, ஒரு மணி நேரத்தில் "அப்போ வரி வாங்குறதே திருட்டுதானே?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. எனக்கென்று கருத்துகள் உண்டு, அவற்றை மறைக்கவில்லை.

இடதுசாரி, வலதுசாரின்னு சொல்றாங்களே, அந்தப் பேர் எங்கேருந்து வந்தது?

1789, பிரெஞ்சுப் புரட்சியின் முதல் ஆண்டு. சபை நிறைவேற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். பெயர் வந்த கதை அவ்வளவுதான். அன்றைய சண்டை மன்னரைப் பற்றியது, திருச்சபையைப் பற்றியது, பிறப்பால் வரும் சலுகைகளைப் பற்றியது. தனிச்சொத்து வேண்டுமா என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. அதே ஆண்டு வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 17-ஆவது பிரிவு சொத்துரிமையை 'புனிதமானது' என்றே சொல்கிறது. அதை இடப்பக்கத்தில் இருந்தவர்களும் ஏற்றார்கள்.

ஆலைகளும் ஆலைத் தொழிலாளர்களும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில்தான் 'இடது' என்ற சொல் சொத்து, கூலி, சந்தை பற்றிய நிலைப்பாடாக மாறியது. ஆகவே யாராவது இடது வலது என்று பேசினால், அவர் பேசுவது பொருளாதாரத்தைப் பற்றியா, ஆட்சி அதிகாரத்தைப் பற்றியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலாளித்துவம், சோசலிசம், கம்யூனிசம்... சுருக்கமா வித்தியாசம் சொல்லுங்க.

நிலம், ஆலை, எந்திரம், முதலீடு ஆகியவற்றை உற்பத்திச் சாதனங்கள் என்கிறோம். அவை யார் கையில் இருக்கின்றன, என்ன செய்வது என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பகுதி தனியார் கையில் இருந்து, இலாபத்துக்காகச் சந்தையில் இயங்கினால் முதலாளித்துவம். சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது சோசலிசம். அந்தச் 'சமூகம்' அரசாக இருக்கலாம், கூட்டுறவாக இருக்கலாம், தொழிலாளர்களாக இருக்கலாம். சோசலிஸ்டுகள் தங்களுக்குள்ளேயே நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டது இதைப் பற்றித்தான். மார்க்ஸ் சொன்ன கம்யூனிசம் இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது: வர்க்கங்களே மறைந்து, அடக்கும் கருவியாக இருக்கும் அரசும் தேவையற்றுப் போகும் நிலை. அங்கே வந்து சேர்ந்துவிட்டோம் என்று எந்த நாடும் அறிவித்ததில்லை. சோவியத் ஒன்றியத்தின் முழுப் பெயரில்கூட 'சோசலிச' என்ற சொல்தான் இருந்தது.

இடையில் இன்னும் சில உண்டு. தனியுடைமையும் சந்தையும் இருக்கட்டும், வரி வாங்கி எல்லோருக்கும் கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் கொடுப்போம் என்பது சமூக ஜனநாயகம். காவல், நீதிமன்றம், இராணுவம் தவிர அரசுக்கு வேலையில்லை என்பவர்கள் லிபர்டேரியன்கள். அரசே வேண்டாம் என்பவர்கள் அரசின்மைவாதிகள். அவர்களிலும் ஒரு சாரார் தனிச்சொத்தை எதிர்ப்பவர்கள், இன்னொரு சாரார் அதை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள். 'லிபரல்' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்காவில் அது அரசு அதிகம் செய்ய வேண்டும் என்பவரைக் குறிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் சந்தைக்கு ஆதரவானவரைக் குறிக்கும்.

கம்யூனிசம் வந்தா என் வீடு, என் சைக்கிள்கூடப் போயிடுமா?

கொள்கைப்படி, போகாது. மற்றவர் உழைப்பிலிருந்து வருமானம் ஈட்டித் தரும் சொத்து வேறு, சொந்த உபயோகத்துக்கான உடைமை வேறு என்று பிரிப்பார்கள். 1936-ஆம் ஆண்டு சோவியத் அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு சேமிப்பு, குடியிருக்கும் வீடு, வீட்டுச் சாமான்கள், அவற்றை வாரிசுக்கு விடும் உரிமை எல்லாவற்றையும் காப்பதாகவே எழுதப்பட்டது.

நடைமுறையில் அந்தக் கோட்டை எங்கே போடுவது, யார் போடுவது என்பதில்தான் மக்கள் அடிபட்டார்கள். ஒரு பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் தரும்போது அது வீட்டு உடைமை. மிஞ்சிய பாலை விற்றால் அது உற்பத்திச் சாதனமா? 1929, 1930-இல் கூட்டுப்பண்ணைகளைக் கட்டாயமாக்கியபோது, பண்ணையில் ஒப்படைப்பதைவிடக் கொன்று தின்பதே மேல் என்று விவசாயிகள் கால்நடைகளைக் கோடிக்கணக்கில் வெட்டினார்கள். பிறகு அரசு இறங்கி வந்தது. 1935-இன் பண்ணை விதிகள் பெரும்பாலான பகுதிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு பசுவும் சிறு தோட்டமும் வைத்துக்கொள்ள விட்டன. தொழுவத்தில் நிற்கும் பசு அதே பசுதான். சில ஆண்டுகளுக்குள் அதன் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது.

தனிச்சொத்து நம்மகூடப் பிறந்த உரிமையா, இல்ல அரசு கொடுத்ததா?

இந்தப் பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் சொன்னது: என் உடல் என்னுடையது, என் உழைப்பு என்னுடையது, யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் என் உழைப்பைக் கலந்தால் அது என்னுடையதாகிறது, மற்றவர்களுக்கும் போதுமான அளவு மிச்சமிருக்கும் வரை. கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பில் இன்னொரு ஆங்கிலத் தத்துவஞானி, ஜெரமி பெந்தம்: சொத்தும் சட்டமும் ஒன்றாகவே பிறந்தவை, சட்டம் போனால் சொத்தும் போகும்.

என் பார்வையில் கையில் பிடித்திருப்பது உடைமை, ஊரைவிட்டுப் போய்ப் பத்து ஆண்டு கழித்து வந்தாலும் என்னுடையதாகவே இருப்பது சொத்து. இரண்டாவது நடக்க மற்றவர்களின் ஒப்புதல் தேவை. ஒரு துண்டு நிலத்தைப் பாருங்கள். அளந்து எல்லைக்கல் நட்டது ஒருவர், பதிவேட்டில் பெயர் எழுதியது இன்னொருவர். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம், ஆக்கிரமித்தவரை வெளியேற்றக் காவல், இறந்த பிறகு யாருக்குப் போகும் என்று சொல்ல ஒரு வாரிசுரிமைச் சட்டம். சில சொத்துகள் சட்டம் இல்லாவிட்டால் தோன்றியே இருக்காது. பிரிட்டனில் 1710-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தாளருக்கு 14 ஆண்டுப் பதிப்புரிமை கொடுத்தது, உயிரோடிருந்தால் இன்னொரு 14. நிறுவனம் திவாலானாலும் பங்குதாரரின் வீட்டைக் கடன்காரர் தொடமுடியாது என்ற வரம்புப் பொறுப்பு அங்கே 1855-இல் வந்தது. அமெரிக்கா 1994-இல் வானொலி அலைவரிசைகளை ஏலம் விடத் தொடங்கியது. காற்றில் போகும் அலைக்கு எந்த உழைப்பைக் கலந்து எல்லைக்கல் நடுவது?

ஆனால் "அரசு உண்டாக்கியது, ஆகவே அரசு நினைத்தபோது எடுத்துக்கொள்ளலாம்" என்று இதிலிருந்து முடிவு கட்டாதீர்கள். திருமணத்தையும் அரசுதான் பதிவு செய்கிறது. அதற்காக நினைத்தபோது அதைக் கலைக்க அரசுக்கு உரிமை வந்துவிடாது. கூட்டாகச் செய்துகொண்ட ஏற்பாட்டை நம்பி மனிதர்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பிறகு, அந்த நம்பிக்கைக்கும் ஒரு உரிமை உண்டு.

அரசு தலையிடாத சுத்தமான சந்தை எங்காவது இருக்கா?

எனக்குத் தெரிந்து இல்லை. இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் காட்டப்படும் இடம் ஹாங்காங். வரி குறைவு, துறைமுகம் திறந்தது, தொழில் தொடங்குவது எளிது, எல்லாம் உண்மை. அதே ஹாங்காங்கில் அநேகமாக எல்லா நிலமும் அரசுடையது, தனியார் வைத்திருப்பது குத்தகை மட்டுமே. மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரசு கட்டிய அல்லது அரசு மானியம் பெற்ற வீடுகளில் வசிக்கிறார்கள். சிங்கப்பூரில் 1966-இன் நிலமெடுப்புச் சட்டத்தைக் கொண்டு அரசு பெருமளவு நிலத்தைக் கையகப்படுத்தியது. இன்று குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சுமார் 80 சதவீதம் பேர் வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள், 99 ஆண்டுக் குத்தகையில். இவற்றை வலது என்பதா, இடது என்பதா?

'தலையீடு' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. சந்தை ஏதோ தனியாக ஓடிக்கொண்டிருக்க, அரசு வெளியிலிருந்து கை நீட்டுவதுபோல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன பதிவேடும் நீதிமன்றமும் இல்லாமல் சந்தையில் விற்க என்ன இருக்கிறது? அரசு எட்டாத கடத்தல் சந்தையில் ஒப்பந்தத்தைக் காப்பது துப்பாக்கி.

எல்லா விலையையும் அரசே நிர்ணயிச்சா ஏழைகளுக்கு நல்லதுதானே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: பெரும்பாலும் இல்லை. விலை ஒரு செய்தி. ஒரு பொருள் எங்கே குறைவாக இருக்கிறது, யாருக்கு எவ்வளவு அவசரம், யார் கூடுதலாகச் செய்ய முடியும் என்று இலட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்த துணுக்குகள் ஒரே எண்ணில் வந்து சேருகின்றன. அந்தத் துணுக்குகளை எந்தத் திட்டக் குழுவாலும் ஒரு மேசைக்குக் கொண்டுவர முடியாது என்று 1945-இல் பொருளாதார அறிஞர் ஹயேக் வாதிட்டார். அவருடைய மற்ற முடிவுகள் பலவற்றை நான் ஏற்காவிட்டாலும், இதில் அவர் பக்கம்தான்.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் ரேஷனும் விலைக் கட்டுப்பாடும் இருந்தன, கடைகளோ காலி. சரக்கெல்லாம் பதுக்கலில், பண்டமாற்றில், கள்ளச்சந்தையில். 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. புது நாணயம் வந்தது, தலைக்கு 40 மார்க் கையில் கொடுத்தார்கள். பொருளாதார நிர்வாகத்தின் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட் பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். மறுநாளே கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பாத்திரமும் காலணியும் தோன்றின. அத்தனை நாளும் அவை அங்கேதான் எங்கோ இருந்திருக்கின்றன. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. விலைகள் ஏறின, கூலி ஏறவில்லை, அதே ஆண்டு நவம்பர் 12 அன்று இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த உதாரணத்தைக் காட்டுவது நேர்மையில்லை.

ஏழைகளைக் காக்க வேறு வழிகள் உண்டு: கையில் பணம் கொடுப்பது, அல்லது பொருளையே அரசு வழங்குவது. வாடகையைக் கட்டிப்போட்ட ஸ்டாக்ஹோமில் நல்ல இடத்தில் வாடகை வீடு கிடைக்கப் பல ஆண்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். 1920-களிலிருந்து நகரமே வீடு கட்டிவரும் வியன்னாவில் பாதிப் பேர் அளவுக்கு நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ குடியிருக்கிறார்கள். வியன்னாவிலும் வாடகைச் சட்டம் உண்டுதான். ஆனால் அங்கே அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்ததோடு நிற்கவில்லை, செங்கல்லையும் அடுக்கியது.

அப்போ சந்தையே எல்லாத்தையும் பார்த்துக்கும்னு விட்டுடலாமா?

முடியாது. விலை என்ற செய்தி சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும். ஆலைப் புகையால் பக்கத்து வயலும் ஏரியும் கெட்டால் அந்தச் செலவு ஆலைப் பொருளின் விலையில் வராது. புகை விடுபவருக்கு வரி போடலாம் என்று பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920-லேயே எழுதினார். அமில மழையைத் தடுக்க 1990-இல் அமெரிக்கா வேறு வழியில் போனது: மொத்தக் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு, அதற்குள் வெளியிடும் அனுமதிகளை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கலாம். புகை கணிசமாகக் குறைந்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில். அரசு இல்லாமல் அந்தச் சந்தை ஒரு நாள்கூட இருந்திருக்காது.

ஏகபோகம் இன்னொரு இடம். ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டால் போட்டி என்ற சொல்லுக்கே பொருளில்லை. 1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 34 துண்டாகப் பிரிக்க வைத்தது. அது சந்தைக்கு எதிரான செயலாக எனக்குத் தெரியவில்லை.

பட்டினிச் சாவெல்லாம் கம்யூனிச நாட்டிலதானே நடந்தது?

இரண்டு பஞ்சங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனா, 1958 முதல் 1962 வரை. நிலம் கம்யூன்கள் என்ற பெரும் கூட்டுப்பண்ணைகளிடம் போனது. மேலதிகாரிகளுக்குப் பயந்து கீழே இருந்தவர்கள் விளைச்சலை ஊதிப் பெருக்கிக் கணக்குக் காட்டினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. 1959-இல்கூடச் சீனா தானியம் ஏற்றுமதி செய்தது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு கணக்குச் சொல்கிறார்கள்.

அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்து, 1845 முதல் 1852 வரை. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது. எண்பது இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்த மக்களில் சுமார் பத்து இலட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடைகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சந்தை தன் வேலையைச் செய்யும், அரசு குறுக்கே வந்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று இலண்டன் கருவூலத்தில் இருந்தவர்கள் உறுதியாக நம்பினார்கள். 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. உச்சத்தில் ஒரு நாளுக்கு முப்பது இலட்சம் பேருக்கு உணவு போனது. செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. அந்த இலையுதிர் காலத்துக்குள் அவற்றை மூடிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கொள்கைகள் நேரெதிர், சாவு ஒன்று. சுதந்திரமான பத்திரிகைகளும் இயங்கும் ஜனநாயகமும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். பிரிட்டனில் பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் இருந்தன. ஆனால் அயர்லாந்தில் செத்தவர்கள் கையில் வாக்கு இல்லை. அரசு பெரிதா சிறிதா என்பதற்கு முன்னால், பசித்தவர் குரல் அரசின் காதில் ஏறுமா என்று கேட்க நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டு பஞ்சங்களிலிருந்து.

சுவீடன், டென்மார்க் எல்லாம் சோசலிச நாடுகள்தானே?

உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்ற இரண்டாம் கேள்வியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இல்லை. 2015-இல் டென்மார்க் பிரதமர் ராஸ்முசனே எங்களுடையது சந்தைப் பொருளாதாரம் என்று அமெரிக்காவில் நின்று விளக்க வேண்டியிருந்தது. வரி நிச்சயமாக அதிகம். ஆனால் சுவீடனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள். வாரிசுரிமை வரியை 2004-இல் எடுத்துவிட்டார்கள்.

நார்வே கொஞ்சம் வேறு மாதிரி. பெரிய எண்ணெய் நிறுவனத்தில் 67 சதவீதம் அரசின் பங்கு, எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்க 1990-இல் சட்டமியற்றி ஒரு நிதியும் அமைத்தார்கள். அந்த நிதி உலகெங்கும் தனியார் நிறுவனங்களின் பங்குகளை வாங்குகிறது. அரசு இங்கே ஒரே சமயத்தில் சொத்துக்காரர், வரி வசூலிப்பவர், பங்குச்சந்தை முதலீட்டாளர்.

சீனா இப்போ கம்யூனிச நாடா, முதலாளித்துவ நாடா?

ஆளும் கட்சியின் பெயர் கம்யூனிஸ்ட். நகர நிலம் அரசுக்கு, கிராம நிலம் கூட்டமைப்புக்கு. வீடு வாங்குபவருக்கு அடியில் உள்ள நிலத்தின் உபயோக உரிமை 70 ஆண்டுக்கு மட்டும். அதன் மேல் பெரும் தனியார் நிறுவனங்கள், கடும் போட்டி. சட்டப்படி கிடைத்த தனிச்சொத்து மீறப்படாது என்று 2004-இல் அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். ஒரு பெயருக்குள் இது அடங்காது.

மாற்றம் தொடங்கிய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1978-இன் கடைசியில், அன்ஹுயி மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் இரவில் ஒரு குடிசையில் கூடினார்கள். மேலே சொன்ன பஞ்சத்தில் மோசமாக அடிபட்ட வட்டாரம் அது. கூட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது, அரசின் பங்கைக் கொடுத்தபின் மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதினார்கள். வெளியே தெரிந்து யாராவது சிறைக்குப் போனால் அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்போம் என்றும் அதே தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த அறுவடை பல மடங்கு கூடியது. அரசு கொடுக்காத சொத்துரிமையை அவர்கள் தங்களுக்குள் ஒப்புதலால் உண்டாக்கினார்கள். கூடவே ஒரு சமூகப் பாதுகாப்பையும்.

ஹிட்லர் கட்சி பேரிலேயே 'சோசலிஸ்ட்' இருக்கே, அப்போ நாஜிகள் இடதுசாரிதானே?

பெயரை விட்டுவிட்டுச் செய்ததைப் பாருங்கள். 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றிச் சங்கங்களை ஒழித்தார்கள். தாஹவ் முகாமில் முதலில் அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும்தான். நெருக்கடியில் அரசு கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகளை 1930-களின் நடுவில் மறுபடி தனியாருக்கு விற்றார்கள்.

அதற்காக அதைத் தடையற்ற சந்தை என்றும் சொல்ல முடியாது. விலையும் கூலியும் கட்டுப்பாட்டில் இருந்தன, மூலப்பொருளை அரசு பங்கிட்டது. பத்திரத்தில் முதலாளி பெயர் இருக்கும், என்ன உற்பத்தி என்பதை ஆட்சி சொல்லும். யூதர்களிடமிருந்து கடைகளையும் வீடுகளையும் சட்டம் போட்டே பிடுங்கினார்கள். அவர்களின் அளவுகோல் வர்க்கமும் இல்லை, சந்தையும் இல்லை. இனம் ஒன்றுதான்.

யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்தை யார் அக்கறையா பார்த்துக்குவாங்க?

பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டு, கடைசியில் நிலமே பாழாகும் என்று 1968-இல் உயிரியலாளர் காரெட் ஹார்டின் எழுதியது பெரும் புகழ் பெற்றது. அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் பல ஊர்களின் கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார், உலகெங்கும் பல பொது நிலங்கள் பாழாகாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிற்பதைக் காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்தின் டொர்பெல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்கத் தன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். கணக்கு எடுப்பது எளிது, ஏமாற்றுவது கடினம், மீறினால் அபராதம். 'பொது' என்பதற்கும் 'கேட்பாரற்றது' என்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு விதிதான்.

தனியார்கிட்ட கொடுத்தா எல்லாம் சரியாயிடுமா?

போட்டி உண்டா என்று முதலில் பாருங்கள். தொலைபேசியில் நான்கு நிறுவனங்கள் மோதிக்கொள்ளலாம். ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் ஒன்றுதான் போகும். இங்கிலாந்தின் குடிநீர் வாரியங்களை 1989-இல் பழைய கடனைத் தள்ளுபடி செய்து தனியாருக்கு விற்றார்கள். இன்று அந்த நிறுவனங்கள் 6,000 கோடி பவுண்டுக்கு மேல் கடனில் நிற்கின்றன, ஆண்டுதோறும் ஈவுத்தொகையும் போயிருக்கிறது. ஸ்காட்லாந்து விற்கவில்லை. வேல்ஸில் 2001 முதல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று பெரும்பகுதியை நடத்துகிறது. ஒரே தீவில் மூன்று ஏற்பாடு.

யாருக்கு, எப்படி விற்கிறோம் என்பதும் முக்கியம். 1995-இல் ரஷ்ய அரசு கடனுக்கு ஈடாக வைத்த எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகள் சில வங்கி முதலாளிகளிடம் அடிமாட்டு விலைக்குப் போய்ச் சேர்ந்தன. அது நடந்த பிறகு பல ரஷ்யர்களுக்குத் தனியார்மயம் என்ற சொல்லே வசைச்சொல் ஆகிவிட்டது.

நான் உழைச்சு சம்பாதிச்சதுல அரசு வரி எடுக்கிறது திருட்டு இல்லையா?

லிபர்டேரியன் தரப்பின் வலுவான வாதத்தை அப்படியே வைக்கிறேன்: ஐந்து மணி நேரக் கூலியை வரியாக எடுப்பது ஐந்து மணி நேரம் கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம். அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974-இல் இதைத்தான் வாதிட்டார். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் இல்லை.

என் பதில் நான்காம் கேள்வியில் இருக்கிறது. சம்பளம் என்ற தொகையே நாணயம், ஒப்பந்தச் சட்டம், நிறுவனச் சட்டம், சாலை, நீதிமன்றம் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்குள்தான் உருவாகிறது. அந்த ஏற்பாட்டுக்கு முன்பே முழுத் தொகையும் என்னுடையதாக இருந்து, பிறகு அரசு வந்து பிடுங்கியதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் வரி திருட்டு இல்லை. ஆனால் எந்த வரியும் நியாயம்தான் என்று ஆகிவிடாது. யாரிடம் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது, வேண்டாம் என்று வாக்களிக்க வழி உண்டா என்று ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பொது நன்மைக்குன்னு சொல்லி அரசு நிலத்தை எடுத்தா, உரிய விலை கொடுத்துட்டா போதுமா?

பெரும்பாலான நாடுகளின் சட்டம் இரண்டு கேட்கிறது: பொதுக் காரணம் இருக்க வேண்டும், ஈடு கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்து, 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் சாதாரண அரசியலமைப்பு உரிமையாக மாறியது. ஜெர்மன் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு சொத்தைக் காத்துவிட்டு, அடுத்த வரியிலேயே சொத்துக்குக் கடமையும் உண்டு என்கிறது. ஈடு எவ்வளவு என்பதைக் கணக்குப் போடலாம். 'பொது' என்பது யார் என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் உள்ள நியூ லண்டன் நகரம் ஒரு குடியிருப்புப் பகுதியை எடுத்துத் தனியார் கட்டுமானத்துக்குக் கொடுக்கத் திட்டமிட்டது. வேலை வரும், வரி வருமானம் கூடும் என்றது. சூசெட் கீலோ என்ற செவிலியரும் சில அண்டைவீட்டாரும் விற்க மறுத்து வழக்குப் போட்டார்கள். வழக்காடியவர்களில் ஒரு மூதாட்டி 1918-இல் அதே வீட்டில் பிறந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தவர். 2005-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொருளாதார வளர்ச்சியும் பொது நன்மைதான் என்றார்கள். நாடெங்கும் கோபம் கிளம்பி, 40-க்கும் மேற்பட்ட மாகாணங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்தின. இடதிலும் வலதிலும் இருந்தவர்கள் ஒரே குரலில் கத்திய அரிய தருணம் அது. கீலோவின் இளஞ்சிவப்பு வீட்டைக் கழற்றி எடுத்து நகரின் வேறு தெருவில் நிறுத்தினார்கள். கட்டுமான நிறுவனத்துக்கு முதலீடு கிடைக்கவில்லை. வீடுகள் இடிக்கப்பட்ட நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துச் சும்மா கிடந்தது.